எட்டுப் பிரதிகள்: வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

'எட்டுப் பிரதிகள்' என்ற என் குறுநாவல் வெளிவந்ததிலிருந்து ஒரே கேள்விகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் மூன்று மாலை நின்று பதில் சொல்லித் தொண்டை கட்டிப்போனது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். கதையின் முடிவும் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. படித்துவிட்டு வர நினைப்பவர்கள் இப்போதே திரும்பிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கதை என்ன, சுருக்கமாக?

இந்திராணிக்கு வயது 61. சைதாப்பேட்டையில் கணவர் நடத்திய போட்டோ ஸ்டூடியோவின் பின்னறையில் 35 ஆண்டுகள் 'டச்சிங்' வேலை, அதாவது நெகட்டிவில் பென்சிலால் முகங்களைத் திருத்தும் வேலை, செய்தவர். 2015 ஆகஸ்டில் கணவர் இறந்துபோகிறார். டிசம்பர் 1 இரவு அடையாறு தெருவுக்குள் ஏறுகிறது. கீழ்த்தட்டில் இருந்த நெகட்டிவ் பெட்டிகள் சேறாகிவிடுகின்றன. தண்ணீர் வடிந்த பிறகு தெருமுனைக் குப்பையில் யார் வீட்டுடையதோ ஓர் ஆல்பம் கிடக்கிறது. அதை எடுத்துவந்து இருட்டறைத் தட்டில் போட்டுக் கழுவுகிறார். வெள்ளக் குப்பையை அள்ள வெளி மாவட்டத்திலிருந்து வந்திருந்த துப்புரவுப் பணியாளர் முருகேசன் அதைப் பார்த்துவிடுகிறார். அன்று முதல், லாரியில் ஏற்ற வேண்டிய ஆல்பங்களை உரச்சாக்கில் சேர்த்து மாலையில் இந்திராணியின் வாசலில் வைக்கிறார். இப்படி 10 நாள். அவ்வளவுதான் கதை.

இது உண்மைக் கதையா?

வெள்ளம் உண்மை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது என்ற எண்ணைச் சென்னையில் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். மறுநாள் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் சென்னையில் வெளிவரவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகைக்கு அதுதான் முதல் முறையாம். எங்களுக்கு அது பத்து நாள் கழித்துத்தான் தெரியும். பேப்பர் வரவில்லையே என்று அன்று யார் தேடினார்கள்?

இந்திராணியும் முருகேசனும் கற்பனை. ஆனால் ஒன்றை நான் கண்ணால் பார்த்தேன். அப்போது சைதாப்பேட்டையில் வாடகைக்குக் குடியிருந்தேன். எங்கள் தெருமுனையில் ஆள் உயரத்துக்குக் குப்பை. ஊறிப்போன இலவம் மெத்தைகள், ஒரு கிரைண்டர், பள்ளிக்கூடப் பைகள். அவற்றின் மேல் விரித்தபடி ஒரு கல்யாண ஆல்பம். அள்ள வந்தவர்களில் ஒரு பையன் மண்வெட்டியைப் போடப் போனவன், நிறுத்தினான். ஆல்பத்தை எடுத்துத் தன் சட்டையிலேயே துடைத்துப் பக்கத்து வீட்டு மதில்சுவரில் வைத்தான். பிறகு மெத்தைகளை அள்ளத் தொடங்கினான். அந்த ஆல்பம் இரண்டு நாள் சுவரிலேயே இருந்தது. போகவர நானும் பார்த்தேன். மூன்றாம் நாள் காணவில்லை. யார் எடுத்தார்கள் என்று தெரியாது. நான் எடுக்கவில்லை என்பது மட்டும் தெரியும். நான் எடுக்காததை இந்திராணியை எடுக்க வைத்தேன். இதற்கு மேல் 'உண்மையா' என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நனைந்த புகைப்படங்களை நிஜமாகவே காப்பாற்ற முடியுமா?

கதையைப் பற்றிய கேள்விகள் அனைத்தையும் சேர்த்தாலும் இந்த ஒரு கேள்வியின் எண்ணிக்கைக்கு வராது. ஒவ்வோர் ஐப்பசி கார்த்திகையிலும் யாராவது பதறிப்போய்க் கேட்கிறார்கள். ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

முடியும், இரண்டு நாளுக்குள் கை வைத்தால். பிறகு பூஞ்சை பிடித்துவிடும். போட்டோக் காகிதத்தில் படம் தங்கியிருப்பது ஜெலட்டின் என்ற மெல்லிய படலத்தில். தண்ணீர் பட்டால் அது ஊறி உப்பும். காயும்போது எதன்மேல் படுகிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். ஆல்பத்தின் இரண்டு பக்கங்கள் முகத்தோடு முகம் ஒட்டிக் காய்ந்த பிறகு பிரித்தால், மாப்பிள்ளையின் நெற்றி எதிர்ப்பக்கத்து மாமாவின் சட்டைக்குப் போய்விடும். எனவே ஈரம் இருக்கும்போதே பிரிக்க வேண்டும். வராவிட்டால் இழுக்காதீர்கள். குளிர்ந்த நல்ல தண்ணீரில் போட்டுவைத்தால் பெரும்பாலும் தானே விட்டுக்கொடுக்கும்.

படத்தின் முகப்பில் விரல் படக்கூடாது. தட்டை மெதுவாக ஆட்டினாலே சேறு இறங்கிவிடும். இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிய பிறகு, முகப்பு மேலே இருக்கும்படி பழைய துண்டில் பரப்பி நிழலில் காய வையுங்கள்; அல்லது ஓரத்தில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிடுங்கள். ஒரே நாளில் முடியாத அளவுக்கு இருந்தால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பிறகு சிறிது சிறிதாக எடுத்துக் கழுவலாம். (ஃப்ரீசருக்கு மின்சாரம் வேண்டும் என்பது வேறு விஷயம்.) நெகட்டிவிலும் படம் ஜெலட்டினில்தான் இருக்கிறது, அதற்கும் இதே வைத்தியம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தவை பெரும்பாலும் சாயம் கரைந்துவிடும், அவற்றுக்கு ஆசைப்பட வேண்டாம்.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பதிப்பில் இந்திராணி வெந்நீரில் படம் கழுவுகிறார். 40 ஆண்டு ஸ்டூடியோ நடத்திய ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். வணக்கம் எதுவும் சொல்லவில்லை. "வெந்நீரில் போட்டால் ஜெலட்டின் கஞ்சியாகிவிடும் அம்மா. 35 வருடம் அந்த வேலை பார்த்தவர் இப்படிச் செய்வாரா?" என்றார். இரண்டாம் பதிப்பில் திருத்திவிட்டேன். வெந்நீர்ப் பதிப்பு வைத்திருப்பவர்கள் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு வைத்தியத்தை விட்டுவிடுங்கள்.

அட்டையில் தீப்பிடித்ததுபோல் இருப்பது ஓவியமா?

ஓவியம் இல்லை, தண்ணீரில் கிடந்த ஒரு கலர் போட்டோவின் மூலை. கலர் காகிதத்தில் சாய அடுக்குகள் மூன்று. மேலே நீலப்பச்சை, நடுவில் கருஞ்சிவப்பு, அடியில் மஞ்சள். படலம் மேலிருந்து கரைவதால் முதலில் நீலம் போகும்; படம் சிவந்து நிற்கும். அடுத்துச் சிவப்பும் போய் மஞ்சள் மட்டும் மிஞ்சும். அதுவும் போனால் வெறும் வெள்ளைக் காகிதம். வெள்ளத்தில் சிக்கிய எந்த ஆல்பத்தைத் திறந்தாலும் ஓரங்களில் இந்த நெருப்பு இருக்கும். வடிவமைத்தவர் அதன்மேல் எதையும் சேர்க்கவில்லை.

'டச்சிங்' என்றால் என்ன? கதையில் அது பாதிதான் புரிந்தது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டவர்களின் முகத்தில் அம்மைத் தழும்பு இல்லாமல் போனது தற்செயலில்லை. நெகட்டிவில் நிறம் தலைகீழ்: கறுப்பு வைத்தால் அந்த இடம் படத்தில் வெளுக்கும். சாய்வு மேசையில் நெகட்டிவை வைத்து, கீழே உள்ள கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பி, ஊசிபோல் சீவிய பென்சிலால் கண்ணுக்கடியிலும் கன்னக்குழியிலும் சின்னச் சின்னச் சுழியாகப் போட வேண்டும். பென்சில் பிடிக்க அதற்கென்று ஒரு திரவத்தை முதலில் தடவிக்கொள்வார்கள். அதிகம் போட்டால் முகம் மாவு அப்பியதுபோல் ஆகிவிடும். குறைத்துப் போட்டால் பெண் வீட்டார் படத்தைத் திருப்பி அனுப்புவார்கள். இந்திராணி 35 ஆண்டுகள் இதைச் செய்கிறார். ஊரில் பாதிக் கல்யாணங்கள் அவருடைய பென்சில் முனையில் நிச்சயமானவை. ரப்பர் ஸ்டாம்பில் இருந்ததோ கணவர் பெயர்.

அப்படியானால் கணவர்மீது அவருக்குக் கோபமே வராதா?

பெண்கள் பலர் இதைக் கேட்டார்கள், சிலர் சற்றுக் காட்டமாகவே. அந்த மனிதரைக் கெட்டவராக எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். அவர் நல்லவர். பில் போடும்போது "டச்சிங் நம் வீட்டம்மா" என்று வாடிக்கையாளரிடம் சிரித்தபடி சொல்வார். கேமராவைத் தொட விடவில்லை. தொடட்டுமா என்று இந்திராணியும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ என்ற கேள்வி அவர் இறந்த பிறகுதான் எழுகிறது. பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் போய்விட்டார். இந்த நிலைமையைக் கோபம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்திராணி ஏன் அழுவதே இல்லை?

ஆகஸ்டிலேயே அழுதுவிட்டார். கதை டிசம்பரில்தான் தொடங்குகிறது.

மகன் இல்லாத தாய்க்கு மகன் கிடைத்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மதிப்புரையில் இப்படி வந்ததிலிருந்து இந்த வாக்கியம் என்னைத் துரத்துகிறது. முருகேசன் 'அம்மா' என்கிறான், அவர் 'தம்பி' என்கிறார். தமிழ்நாட்டில் காய்கறி வாங்கும்போதும் அப்படித்தான் பேசுகிறோம். கணவர் போன இடத்தில் முருகேசனை உட்கார வைக்க எனக்கு விருப்பமில்லை. அந்த இடம் காலியாகவேதான் இருக்கிறது, கடைசிப் பக்கத்திலும்.

அவர்களுக்குள் இருந்தது வேறு. மாலை ஐந்தரைக்குச் சாக்கு வரும். அவர் பிரித்துப் பார்த்து, "இது தேறாது, இது தேறும்" என்று தரம் பிரிப்பார். அவன் வாசற்படியில் உட்கார்ந்து காய்ந்த படங்களைப் பார்ப்பான். நான்காம் நாள் ஒரு படத்தை நீட்டி, "இந்தப் பாட்டி எல்லாக் கல்யாணத்திலும் இருக்கிறார் அம்மா" என்கிறான். அதன் பிறகு இருவரும் சேர்ந்து அந்தப் பாட்டியைத் தேடத் தொடங்குகிறார்கள். ஒரு காதுகுத்தில் கிடைக்கிறார், ஒரு வளைகாப்பில் கிடைக்கிறார். எழுதும்போது எனக்குப் பிடித்த பகுதி அதுதான். யாரென்றே தெரியாத ஒரு கிழவிக்காக இரண்டு பேர் தலையோடு தலை சேர்த்துக் குனிந்திருக்கிறார்கள்.

காதல் கதையா?

இல்லை. கேட்ட தம்பிக்கு வயது இருபது இருக்கும். போகட்டும்.

முருகேசனின் சாதியைச் சொல்லவில்லையே, ஏன்?

முதல் நாள் இந்திராணி எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவருகிறார். முருகேசன், "பேப்பர் கப் இருந்தால் அதில் கொடுங்கள் அம்மா" என்கிறான். அவர் ஒரு கணம் நின்று, உள்ளே போய், வேறொரு டம்ளரில் தனக்கும் ஊற்றிக்கொண்டு வந்து படியில் உட்காருகிறார். ஆறாம் நாள் அவன் கப் கேட்பதில்லை. இவ்வளவு சொன்ன பிறகும் சாதியைத் தனியாக எழுதிக் காட்ட வேண்டுமா? "கையில் சேறு, அதனால்தான் கப் கேட்டான் என்று நினைத்தேன்" என்று சிலர் எழுதியிருந்தார்கள். அப்படிப் படிக்க வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள்.

எங்கள் தெருவுக்கு அன்று வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கையுறை இல்லை. செருப்போடு அந்தச் சேற்றில் இறங்கினார்கள். கதையில் இதற்கு ஒரே ஒரு வரி கொடுத்தேன். இப்போது யோசித்தால் அது போதவில்லை என்றுதான் தோன்றுகிறது.

குடிக்கவே தண்ணீர் இல்லாத நாட்களில் கேன் தண்ணீரில் படம் கழுவுவாரா?

திட்டிக் கேட்ட கேள்வி இது. கேன் விலை ஏறிக் கிடந்த நேரம்; பால் பாக்கெட்டுக்கே அலைந்தோம். நியாயமான கோபம். ஆனால் அவர் முதலில் அடிபம்பைத்தான் அடித்துப் பார்க்கிறார், தண்ணீர் கலங்கலாக வருகிறது. மொட்டைமாடியில் குண்டான்களை வைத்து மழைநீர் பிடிக்கிறார், அதுவும் மழை நின்றதோடு தீர்ந்துபோகிறது. பிறகுதான் கேன். தனக்கு வைத்திருந்த கேனைத் திறக்கும் அந்த இடத்தில் 'இது பைத்தியக்காரத்தனம்' என்று அவருக்கே தெரிகிறது. நானும் நியாயப்படுத்தவில்லை.

இப்படிப் படங்களை மீட்கும் யோசனை எங்கிருந்து வந்தது?

ஜப்பானிலிருந்து. 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு, மியாகி மாநிலத்தின் யமமோட்டோ என்ற சிற்றூரில் தன்னார்வலர்கள் சேற்றிலிருந்து லட்சக்கணக்கான புகைப்படங்களை எடுத்துக் கழுவி, உரியவர்கள் வந்து தேடிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். படித்தபோது 'ஜப்பான்காரர்களுக்குத்தான் இதெல்லாம் முடியும்' என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். நான்கு ஆண்டுகள் கழித்து எங்கள் தெருமுனைக் குப்பையைப் பார்த்தபோது அந்தப் பக்கம் திரும்பி வந்தது.

எத்தனை குடும்பங்களுக்குப் படங்கள் திரும்பக் கிடைக்கின்றன?

மூன்று. குறைவு என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. படத்தின் பின்பக்கத்தில்தான் துப்பு இருக்கும். ஸ்டூடியோ ரப்பர் ஸ்டாம்ப், 'மெட்ராஸ்-15' என்ற முகவரி, ஆறு இலக்கத் தொலைபேசி எண். அந்த எண்ணுக்கு இப்போது யார் எடுப்பார்கள்? உதகமண்டலத்தில் தயாரான 'இந்து' (Indu) போட்டோக் காகிதம் என்று தெரிந்தால் காலத்தை உத்தேசமாகச் சொல்லலாம், ஆளைச் சொல்ல முடியாது. ஒரு வீட்டில், "குப்பையில் போட்டது நாங்கள்தான், எதற்கு மறுபடி கொண்டுவந்தீர்கள்?" என்று கதவைச் சாத்துகிறார்கள். அந்த வீட்டையும் மூன்றில் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறேன்.

முடிவில் முருகேசன் திரும்பி வருகிறானா? அந்தத் தழும்பு ஏன் அப்படியே இருக்கிறது?

படிக்காதவர்களுக்காக: பத்தாம் நாள் முருகேசன் பேங்க் கணக்கு தொடங்கப் பாஸ்போர்ட் சைஸ் படம் வேண்டும் என்கிறான். டிஜிட்டல் கேமரா வெள்ளத்தோடு போயிற்று. பரணில் பழைய பிலிம் கேமராவும் கெடு முடிந்த ஒரு ரோலும் இருக்கின்றன. இந்திராணி வாழ்க்கையில் முதல் முறையாகக் கேமராவைக் கையில் எடுக்கிறார். "கறுப்பு வெள்ளை பேங்கில் எடுத்துக்கொள்வார்களா அம்மா?" என்று அவன் சந்தேகப்படுகிறான். "எடுத்துக்கொள்ளாவிட்டால் என்னிடம் வரச் சொல்" என்கிறார். படம் வாங்க மறுநாள் வருவதாகச் சொல்லிப் போகிறான். மறுநாள் காலையிலேயே அவர்களுடைய பஸ் ஊருக்குக் கிளம்பிவிடுகிறது. தொலைபேசி எண் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இருவருக்குமே தோன்றியிருக்கவில்லை. அவரிடம் எட்டுப் பிரதிகள் இருக்கின்றன.

அவன் புருவத்தின் மேல் ஒரு வெட்டுத் தழும்பு. நெகட்டிவைச் சாய்வு மேசையில் வைத்ததும் கை பழக்கத்தில் பென்சிலைச் சீவுகிறது. முனையைக் கொண்டுபோய்த் தழும்பின்மேல் நிறுத்துகிறார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார். பள்ளிச் சான்றிதழில் 'அங்க அடையாளங்கள்' என்ற இடத்தில் ஆசிரியர் தேடித் தேடி எழுதுவாரே, மச்சமும் தழும்பும்? அவற்றை அழிப்பதுதான் இந்திராணியின் தொழில். அன்று ஒரு முகத்தை முகமாகவே விட்டார். அந்தப் படத்தில் அவர் செய்தது அதுதான். அது டச்சிங் இல்லை என்று அவருக்குத் தெரிகிறது.

திரும்பி வருகிறானா என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. வரவைத்துப் பார்த்தேன், இரண்டு முறை. இரண்டு முறையும் அவன் வாசலில் நின்று வசனம் பேசினான். அழித்துவிட்டேன்.

சினிமாவாக வருமா? இரண்டாம் பாகம் உண்டா?

இரண்டுக்கும் இல்லை.

உங்கள் வீட்டுப் படங்கள் என்ன ஆயின?

இதை மூன்று பேர்தான் கேட்டார்கள். இருந்தாலும் சேர்க்கிறேன்.

கூடத்தில் அப்பாவின் படம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. தண்ணீர் அதன் பாதி உயரம் வரை வந்து போயிருந்தது. கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்த படத்தைப் பிரிக்கவே கூடாது, கண்ணாடியோடு வைத்தே நகல் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் கதைக்காகப் படித்தபோது தெரிந்துகொண்டது. அன்று தெரியாது. சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்கி, காகிதத்தை ஒரு மூலையிலிருந்து இழுத்தேன். வந்தது. வேட்டியும் நாற்காலியும் காகிதத்தோடு வந்தன. மூக்கும் ஒரு காதும் மூக்குக் கண்ணாடியின் பாதியும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன.

அந்தக் கண்ணாடி இப்போதும் புத்தக அலமாரியின் இரண்டாம் தட்டில் சாய்த்து வைத்திருக்கிறது. அழுக்கென்று துடைத்துவிட வேண்டாம் என்று வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவர் அந்தத் தட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் துடைக்கிறார்.